பழைய ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸை இறக்கும் முன் அறிகுறிவாரியாகப் பார்க்க வேண்டியவை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஓடும் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று சற்றே தகராறு செய்யத் தொடங்கினால், “கியர்பாக்ஸ் போயிடுச்சு, சென்னைக்கு எடுத்துட்டுப் போங்க” என்ற தீர்ப்பு மிக விரைவாக வந்துவிடுகிறது. இங்குள்ள மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் சாதாரணக் கியர்பாக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டக்கூடிய தேர்ந்த கைகள். ஆட்டோமேட்டிக் பெட்டி அவர்களிடம் அரிதாகவே வருவதால், அதன் மேல் கை வைக்கத் தயங்குவது இயல்புதான். ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையை வண்டியின் உரிமையாளர் கொடுக்கிறார்: பெட்டியை இறக்கிப் பழுதுபார்க்கும் செலவு வண்டியின் சந்தை விலையையே நெருங்கிவிடுவதால், இன்னும் பல ஆண்டுகள் ஓடியிருக்கக்கூடிய கார் காயலான் கடைக்குப் போய்விடுகிறது. பெட்டிக்கு வெளியே இருக்கும் ஆயில், கேபிள், வயர், எஞ்சின் ஆகிய நான்கையும் பார்த்து முடிக்காமல் பெட்டியைத் திறக்க ஒருபோதும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியையும் அந்த வரிசையிலேயே அணுகியிருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் உறுப்பு) வைத்த பழைய வகைப் பெட்டிகளுக்கு மட்டும்: மாருதி ஜென், எஸ்டீம் ஆகியவற்றின் மூன்று கியர் பெட்டிகள், 1998-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் ஐ10, 2003-ல் வந்த டொயோட்டா கொரோலா ஆகியவற்றின் நான்கு கியர் பெட்டிகள் போன்றவை. சிட்டி இசட்எக்ஸில் வந்த சிவிடி (படிப்படியான கியர் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ந்து மாற்றும்) பெட்டியும், 2014-ல் செலேரியோவில் தொடங்கிய ஏஎம்டி (சாதாரணக் கியர்பாக்ஸையே தானாக மாற்றும்) பெட்டியும் வேறு அமைப்புகள். அவற்றுக்கு இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஆயில்

சாதாரணக் கியர்பாக்ஸில் ஆயில் என்பது உராய்வைக் குறைக்கும் பொருள் மட்டுமே. ஆட்டோமேட்டிக்கிலோ சக்தியைக் கடத்துவதும், கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதும், வெப்பத்தை வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில்தான். ஆகவே அரை லிட்டர் குறைந்தாலும் பெட்டி நோயாளியாகத் தெரியும். அளவு பார்க்க வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். அதற்கு முன் பத்துப் பதினைந்து கிலோமீட்டராவது ஓட்டிப் பெட்டியைச் சூடாக்கியிருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லீவரை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு, கையேடு சொல்லும் பி (பார்க்கிங்) அல்லது என் (நியூட்ரல்) நிலையில் வைத்து, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். ஹோண்டா மட்டும் இதற்கு நேர்மாறு: எஞ்சினை அணைத்து, ஓரிரு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஹோண்டாவை ஓடவிட்டுப் பார்த்து, குறைவு என்று எண்ணி மேலும் ஊற்றிவிடுவது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. அளவுக்கு மீறிய ஆயில் உள்ளே நுரைத்து, குறைந்த ஆயில் காட்டும் அறிகுறிகளையே காட்டும்.

அளவைப் போலவே நிறமும் பேசும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பாகத் தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பேறியிருந்தாலும் கருகல் வாடை இல்லையென்றால் மாற்ற வேண்டிய ஆயில், அவ்வளவே. கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் எரிந்திருக்கின்றன. ரோஸ்மில்க் போல வெளுத்த இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். அந்த நிமிடமே வண்டியை நிறுத்திவிட வேண்டும், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஊற்ற வேண்டிய ஆயில் எது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பழைய ஹோண்டாவுக்கு இசட்1, இப்போது அதன் இடத்தில் டிடபிள்யூ1. ஹூண்டாயின் நான்கு கியர் பெட்டிக்கு எஸ்பி3. அந்தக் காலக் கொரோலாவுக்கு டி-4 (T-IV) என்று ஒவ்வொன்றின் உராய்வுக் குணமும் கிளட்சுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. “எல்லாமே சிவப்பு ஆயில்தானே” என்று கடையில் கொடுப்பதை வாங்கி ஊற்றினால், நன்றாக இருந்த பெட்டிக்கு உதறல் வந்து சேரும்.

பழைய ஆயிலை மாற்றும்போது டிரெய்ன் பிளக்கைக் கழற்றினால் மொத்த ஆயிலில் பாதிக்கும் குறைவே வெளியே வரும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். ஆகவே வடித்து, வடித்த அளவே ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து என மூன்று முறை செய்வதே பாதுகாப்பு. பல ஆண்டுகள் மாற்றாமல் விட்ட பெட்டியில் இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எங்கோ ஒட்டிக் கிடந்த கசடு கிளம்பி, ஆயிலை உரிய கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும். டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது இயல்பு. உலோகச் செதில்களோ துண்டுகளோ கிடைத்தால் மட்டுமே பெட்டியைத் திறக்கும் பேச்சுக்கு இடம் உண்டு.

ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி இழுக்கவில்லை

இங்கே ஒரே ஒரு கேள்விதான்: மிதிக்கும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுழல்வேக) முள் ஏறுகிறதா? முள்ளும் ஏறாமல் வண்டியும் இழுக்காமல் இருந்தால் கோளாறு எஞ்சினிலோ பிரேக்கிலோ இருக்கிறது. அடைபட்ட ஏர் ஃபில்டர், பலவீனமான பெட்ரோல் பம்ப், அடைத்த கேடலிட்டிக் கன்வெர்ட்டர், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் காலிப்பர் ஆகியவற்றைப் பாருங்கள். முள் சீறிக்கொண்டு ஏற, வேகம் மட்டும் ஏறவில்லையென்றால் அதுதான் நழுவல்.

நழுவலில் முதல் சந்தேகம் குறைந்த ஆயில். அடுத்தது, கார்பரேட்டர் அல்லது த்ராட்டில் பாடியிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிள் உள்ள கார்களில், அந்தக் கேபிளின் தளர்வு. அந்தக் கேபிள்தான் எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதைப் பெட்டிக்குச் சொல்லி, ஆயில் அழுத்தத்தை உயர்த்தச் செய்கிறது. கேபிள் தொய்ந்திருந்தால் கியர்கள் சீக்கிரமாகவும் மெத்தென்றும் மாறும். ஓட்டுகிறவருக்கு அது சுகமாகத்தான் இருக்கும், ஆனால் போதிய அழுத்தமின்றி நழுவும் கிளட்சுகள் உள்ளே எரிந்துகொண்டிருக்கும்.

இவை சரியாக இருந்தும் நழுவினால் ஸ்டால் சோதனை செய்யலாம். முன்னால் யாரும் நிற்காத இடத்தில், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் முழுமையாகப் பிடித்து, டி-யில் (முன்செல்லும் நிலை) வைத்து ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து, ஆர்பிஎம் எங்கே நிற்கிறது என்று குறிக்க வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் கூடவே கூடாது. என்-னில் ஒரு நிமிடமாவது ஆறவிட்டுப் பிறகு ஆர்-இல் (ரிவர்ஸ்) அதையே செய்ய வேண்டும். வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணைவிட இரண்டிலும் அதிகமாக ஏறினால் பம்ப் அழுத்தம் போதவில்லை. டி-யில் மட்டும் ஏறினால் முன்செல்லும் கிளட்ச், ஆர்-இல் மட்டும் ஏறினால் ரிவர்ஸ் பக்கத்துக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. இரண்டிலும் குறைவாக நின்றால் எஞ்சினில் பலமில்லை, அல்லது டார்க் கன்வெர்ட்டரின் உள்ளே ஒருவழிக் கிளட்ச் கெட்டிருக்கிறது. ஆயில் கருகியிருக்கும் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். விடை ஏற்கெனவே துணியில் தெரிந்துவிட்டது. கருகிய ஆயிலோடு நழுவும் பெட்டியைப் புது ஆயில் குணப்படுத்தாது என்பதையும் மனதில் கொள்ள வேண்டும்.

காலையில் டி போட்டால் கியர் தாமதமாக விழுகிறது

லீவரை என்-னிலிருந்து டி-க்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ ஒரு விநாடியில் வண்டி மெல்லிய அசைவோடு முன்செல்லத் தயாராக வேண்டும். ஆர்-க்கு ஒன்றரை விநாடி வரை பொறுக்கலாம். காலையில் முதல்முறை மட்டும் தாமதித்து, பிறகு சரியாகிவிட்டால், இரவில் டார்க் கன்வெர்ட்டரின் ஆயில் கீழே வடிந்துவிடுகிறது அல்லது ரப்பர் சீல்கள் இறுகிவிட்டன என்று கொள்ளலாம். ஆயிலையும், வெளியிலிருந்து மாற்றக்கூடியதாக இருந்தால் ஃபில்டரையும் மாற்றி, ஸ்டார்ட் செய்தபின் அரை நிமிடம் கழித்து லீவரைத் தொடும் பழக்கத்தோடு இப்படிப்பட்ட பெட்டி நீண்ட காலம் உழைக்கும். சூடான பிறகும் தாமதம் நீடித்தாலோ வாரத்துக்கு வாரம் கூடினாலோதான் கவலைப்பட வேண்டும்.

கியர் விழும்போது இடிக்கிறது

பெட்டியைக் குறை சொல்லும் முன் பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி டி-க்கும் ஆர்-க்கும் மாற்ற, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று எஞ்சினைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் துள்ளி எழுந்து உட்கார்ந்தால் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். ஐடில் வேகம் கூடியிருந்தாலும் இடிக்கும், எனவே அதையும் பாருங்கள். ஓட்டத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது மட்டும் இடித்தால், மேலே சொன்ன கேபிள் அதிகம் இழுபட்டிருப்பதோ, த்ராட்டில் சென்சார் தவறாகச் சொல்வதோ, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) கெட்டிருப்பதோ காரணம்.

ஒரே கியரில் நிற்கிறது, அல்லது டி விளக்கு மினுக்குகிறது

இந்த அறிகுறிக்குத்தான் மிக அதிகமான நல்ல பெட்டிகள் பலியாகின்றன. சிக்னலில் கிளம்பும்போது வண்டி மந்தமாக, மூன்றாம் கியரில் கிளம்புவது போல ஊர்ந்து, பிறகு அதே கியரிலேயே ஓடுகிறது என்றால் பெரும்பாலும் அது உண்மையாகவே மூன்றாம் கியர்தான். கம்ப்யூட்டர் மின்கோளாறு ஒன்றைக் கண்டுபிடித்து, பெட்டிக்கு மேலும் கெடுதல் நேராமல் இருக்கச் சோலினாய்டுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டது. பழைய ஹோண்டாவில் டி4 விளக்கும், டொயோட்டாவில் ஓவர்டிரைவ் (மேல் கியர்) விளக்கும் மினுக்கி இதை அறிவிக்கும். கிளட்சுகள் நலமாக இருக்கும் நிலையில், சில நூறு ரூபாய் வேலையில் தீரக்கூடிய கோளாறு இது.

முதலில் பேட்டரி. முனைகளில் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து பாடிக்கும் பெட்டிக்கும் போகும் எர்த் வயரைக் கழற்றித் தேய்த்துப் பூட்டுங்கள். அடுத்தது ஸ்பீடோமீட்டர் முள்: அது ஆடினாலோ செத்துக் கிடந்தாலோ வேக சென்சார்தான் குற்றவாளி, ஏனெனில் பல கார்களில் கியர் மாற்றும் கம்ப்யூட்டரும் அதே சமிக்ஞையைத்தான் நம்பியிருக்கிறது. அதன்பின் பெட்டியின் மேலுள்ள கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். எலி கடித்த வயரும், ஆயில் ஊறிய கனெக்டரும் நிறுத்தியே வைத்திருக்கும் கார்களில் மிகச் சாதாரணம்.

கோட் படிக்க ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போகும்போது ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கார் தன் கோளாறுகளைக் கோட் எண்களாகச் சொல்லும் ஓபிடி என்ற பொதுமுறை இந்தியக் கார்களில் 2010 ஏப்ரலில் பிஎஸ்4 புகை விதியோடு முதல் படியாகவும், 2013 ஏப்ரலில் முழு வடிவிலும் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய காரோடு மலிவான ஸ்கேனர் பேசாமல் போகலாம். “ஸ்கேனரில் ஒன்றும் வரவில்லை, அதனால் பெட்டிக்குள்தான் கோளாறு” என்ற முடிவு அதனால்தான் செல்லாது. பழைய ஹோண்டாவில் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இருமுனை சர்வீஸ் கனெக்டரை ஒரு வயரால் இணைத்து, சாவியைத் திருப்பி, விளக்கின் மினுக்கங்களை எண்ணிக் கையேட்டோடு ஒப்பிட்டாலே கோளாறு எந்தச் சுற்றில் என்று தெரிந்துவிடும்.

சோலினாய்டைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். கியர் மாற்றும் சோலினாய்டு பெரும்பாலும் 11 முதல் 25 ஓம் வரை, காரைப் பொறுத்து, காட்டும். பூஜ்யமோ முடிவிலியோ காட்டினால் மாற்ற வேண்டியதுதான். 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். ஆனால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் லீனியர் சோலினாய்டின் தடை 5 ஓம் அளவுக்குக் குறைவு. அதற்கு நேரடியாக 12 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் சோதனையே அதைக் கொன்றுவிடும். பழைய ஹோண்டாவில் சோலினாய்டுகள் பெட்டிக்கு வெளியே மூன்று சிறு போல்ட்டுகளில் உட்கார்ந்திருப்பது பெரிய வசதி: கழற்றினால் அடியில் சல்லடை பதித்த கேஸ்கெட் ஒன்று இருக்கும், அதில் கறுப்புக் கசடு அடைத்திருக்கும். சோலினாய்டைக் கழுவி, கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு மூடிய பிறகு, மாதக்கணக்கில் தகராறு செய்த வண்டி அன்றைக்கே ஒழுங்காக மாறத் தொடங்குவதைப் பார்க்கலாம். போல்ட்டுகளை 12 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கக் கூடாது. அலுமினியத்தில் மரை போய்விடும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் உதறல்

நெடுஞ்சாலை 48-இல் வாலாஜாவை நோக்கி மிதமான வேகத்தில் லேசாக மிதித்தபடி போகும்போது, ரோட்டோரச் சலசலப்புப் பட்டைகளின் மேல் ஏறியது போன்ற குறுகிய உதறல் வந்து மறைந்தால், அது பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச், அதாவது வேகம் பிடித்தபின் எஞ்சினையும் பெட்டியையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச். சோதிப்பது எளிது: பின்னால் வண்டி வராத நேரத்தில், ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடதுகாலால் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொட வேண்டும். லாக்கப் விடுபட்டு உதறல் உடனே நின்றால் சந்தேகம் உறுதி. நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் போங்கள், மிஸ் அடிக்கும் எஞ்சினும் இதேபோல உதறும். சரியான ஆயிலை மூன்று முறை மாற்றுவதிலேயே இந்தக் கோளாறு பெரும்பாலும் அடங்கும். வண்டி நிற்கப்போகும் தருணத்தில் எஞ்சின் உதறி அணைந்தால், லாக்கப் விடுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாக்கப் சோலினாய்டைப் பாருங்கள்.

சூடான பிறகே தகராறு

காலையில் சாய்நாதபுரத்திலிருந்து கிளம்பும்போது ஒழுங்காக இருந்து, மதியம் காட்பாடி மேம்பாலத்திலோ கிரீன் சர்க்கிளிலோ நெரிசலில் ஊர்ந்த பிறகு நழுவலும் தாமதமும் வருகிறதென்றால், கோளாறின் வேர் வெப்பத்தில் இருக்கிறது. ஆயில் 80, 90 டிகிரியில் வேலை செய்ய வகுக்கப்பட்டது. 120 டிகிரியைத் தாண்டினால் விரைவாகச் சிதையத் தொடங்கும். அக்னி நட்சத்திர நாள்களில், காற்றே 40 டிகிரியைத் தொடும் ஊரில், நின்று நின்று போகும் போக்குவரத்தில் அந்த எல்லை தூரத்தில் இல்லை.

பெட்டியின் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் பெரும்பாலான கார்களில் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ரேடியேட்டரில் என்ன ஊற்றுகிறோம் என்பது கியர்பாக்ஸின் விதியை முடிவு செய்கிறது. பாலாற்றுப் பள்ளத்தாக்கில், குறிப்பாக ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில், நிலத்தடி நீர் தோல் பதனிடும் கழிவுகளால் உப்பேறிப் போனது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை சென்ற செய்தி. அந்தப் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. அதன் உப்பு கூலரின் சுவரில் படிந்து குளிர்ச்சியைத் தடுக்கும். பிறகு சுவரையே அரித்து ஓட்டை போட்டு, கூலண்ட்டை ஆயிலோடு கலக்க விடும். கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டை காகிதம் போன்ற நார்ப்பொருள், பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீர் பட்டால் ஊறி உரிந்து வந்துவிடும். முன்னே சொன்ன வெளுத்த இளஞ்சிவப்பு நிறத்தைக் கண்டதும் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது என்பது இதனால்தான். ரேடியேட்டரை மாற்றி, ஆயில் தெளியும்வரை பலமுறை வடித்து ஊற்றினால், தொடக்கத்திலேயே கண்டுபிடித்த பெட்டியைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. 2021 நவம்பர் பாலாற்று வெள்ளத்தைப் போன்ற நாள்களில் முழங்கால் தண்ணீரில் இறங்கிய காரிலும், காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கலாம். அத்தகைய வண்டியை வாங்குபவர் முதலில் டிப்ஸ்டிக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டருக்குக் கூலண்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் மட்டுமே. மின்விசிறி இரண்டும் உரிய நேரத்தில் சுழல்கின்றனவா என்று பாருங்கள். நம் ஊர்க் காருக்கு ரேடியேட்டருக்கு முன்னால் தனி ஆயில் கூலர் ஒன்றை, பழைய கூலருக்கு அடுத்து ஆயில் அதன் வழியாகப் போய்ப் பெட்டிக்குத் திரும்பும்படி பொருத்துவதை மனமார வரவேற்கிறேன். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜவ்வாது மலைச் சாலையிலும் ஏறும்போது டி-யில் விட்டால் பெட்டி மூன்றுக்கும் நான்குக்கும் இடையே அலைந்து தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும். ஓவர்டிரைவை அணைத்தோ 2-இல் வைத்தோ ஏறுங்கள், அதே நிலையில் இறங்குங்கள்.

கசிவு, சத்தம், ஸ்டார்ட் ஆகாமை

நிறுத்துமிடத்தில் அட்டை ஒன்றை விரித்துவைத்தால் கசியும் இடம் தெரியும். சக்கரத்தின் பக்கம் சிவப்புச் சொட்டு என்றால் ஆக்ஸில் சீல். முன்பக்கம் என்றால் கூலர் குழாயின் கிளாம்ப். இவை சிறு வேலைகள். எஞ்சினும் பெட்டியும் சேரும் இடத்தில் சொட்டினால் மட்டும் பெட்டியை இறக்கி முன் சீலை மாற்ற வேண்டிவரும்.

நிற்கும்போதும் ஆர்பிஎம்மோடு ஏறி இறங்கும் ஊளை பம்ப் அல்லது அடைத்த ஃபில்டரைக் காட்டும். வண்டி நகரும்போது மட்டும் வருவது பேரிங். ஐடிலில் தகரம் அதிர்வது போன்ற சத்தம் வந்தால், டார்க் கன்வெர்ட்டரை எஞ்சினோடு இணைக்கும் தட்டு விரிசல் விட்டிருக்கலாம்.

என்-னில் ஸ்டார்ட் ஆகி பி-யில் ஆகவில்லையென்றால் பி, என் நிலைகளில் மட்டும் ஸ்டார்ட் ஆக விடும் இன்ஹிபிட்டர் சுவிட்சோ, லீவர் கேபிளின் அமைப்போ விலகியிருக்கிறது. பி-யிலிருந்து லீவரே நகரவில்லை, பிரேக் விளக்கும் எரியவில்லை என்றால் ஃபியூஸையும் பிரேக் சுவிட்சையும் மாற்றினால் போதும். அவசரத்துக்கு லீவருக்கு அருகிலுள்ள சிறு துளையில் சாவியை அழுத்தி விடுவிக்கலாம்.

எந்த நிலையிலும் நகரவில்லை

ஆயில் அளவு சரியாக இருந்தால், உதவியாளர் ஒருவர் லீவரை நகர்த்த, பெட்டியின் மேலுள்ள கை உண்மையில் அசைகிறதா என்று பாருங்கள். கேபிள் முனையின் பிளாஸ்டிக் புஷ் நொறுங்கிக் கழன்றிருப்பது பழைய காரில் அரிதன்று. ஒரு பக்க ஆக்ஸில் பெட்டியிலிருந்து நழுவி வெளியே வந்திருந்தாலும் வண்டி அசையாது. இரண்டும் நலமாக இருந்தும் நகரவில்லையென்றால் பம்ப், இணைப்புத் தட்டு, கிளட்சுகள் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கிறது. இப்போதுதான் சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோகும் நேரம்.

கொண்டுபோவதற்கும் முறை இருக்கிறது. எஞ்சின் ஓடாதபோது பம்ப் சுற்றாது. பம்ப் சுற்றாமல் சக்கரம் மட்டும் உருண்டால் பெட்டிக்குள் ஆயில் போகாது. சென்னைக்குரிய 140 கிலோமீட்டரைக் கயிறு கட்டி இழுத்தால், பழுதுபார்க்கக்கூடிய பெட்டி போய்ச் சேரும்போது பழுதுபார்க்க முடியாததாகிவிடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டியையே அழையுங்கள். காரோடு ஒரு தாளும் போகட்டும்: ஆயில் எந்த நிறத்தில் இருந்தது, கோளாறு சூட்டிலா குளிரிலா வருகிறது, எந்தக் கியரில், எந்த வேகத்தில், எந்தச் சோலினாய்டு எத்தனை ஓம் காட்டியது, எவையெல்லாம் ஏற்கெனவே மாற்றப்பட்டன என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்தபின் கழற்றிய பழைய பிளேட்டுகளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றும், டார்க் கன்வெர்ட்டரையும் கூலரையும் கழுவியோ மாற்றியோதான் பூட்ட வேண்டும் என்றும் வேலையை ஒப்படைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பழைய பெட்டியின் தூள் அவ்விரண்டிலும் தங்கியிருந்தால், புதிய கிளட்சுகளின் மேல்தான் முதலில் போய் விழும்.